குழலும் ரவையும்

பல்லாண்டுகளாகக் கிதாபு ஓதிக்கொடுத்து வருபவர்களிடம் ஒரு குறை உண்டு. கண்ணால் காணாத பொருளையும் கண்டவர்போல் விளக்கிவிடுவோம். 'ஃபத்ஹுல் கரீப்' என்னும் ஷாஃபிஈ பிக்ஹு நூலில் குதிரைப் பந்தயம், அம்பெய்தற் போட்டி ஆகியவற்றைப் பற்றிய பாடம் ஒன்று இருக்கிறது. எய்பவனுக்கும் இலக்குக்கும் இடையேயுள்ள தூரம் முன்னரே அறியப்பட்டிருக்க வேண்டும். எத்தகைய தாக்குதல் வெற்றியாகும் என்பதும் முடிவாகியிருக்க வேண்டும். அம்பு இலக்கில் பட்டு நில்லாமற்போனால் 'கர்உ'. துளைத்து நின்றால் 'கஸ்க்'. துளைத்து அப்பாற் சென்றால் 'மர்க்'. இம்மூன்று சொற்களையும் முப்பதாண்டுகளாக மாணவர்களுக்கு ஓதிக்கொடுத்திருக்கிறோம். ஆயினும் ஒருவர் குறி வைத்து ஓர் இலக்கைத் தாக்குவதை அருகிருந்து பார்த்தவர் அல்லர் நாம்.

2019ஆம் ஆண்டுக் கோடையில் அந்த வாய்ப்புக் கிட்டியது. நம் தமக்கையாரின் மகன் இங்கிலாந்தில், பர்மிங்ஹாமுக்கு அருகே, இயந்திரப் பணிமனை ஒன்றில் பொறியாளராக இருக்கிறார். அவர் வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தோம். ஒரு சனிக்கிழமை காலை, "மாமா, இன்று என்னுடன் வருகிறீர்களா? ரவை தேர்ந்தெடுக்கப் போகிறேன்" என்றார். வேட்டையோ என்று சற்றுத் திகைத்தோம். அவர் சிரித்தார். காகித இலக்கைச் சுடும் விளையாட்டுச் சங்கம் ஒன்றில் அவர் உறுப்பினர். காவல்துறை தந்த அனுமதிச் சான்றும், துப்பாக்கியைப் பூட்டி வைக்கும் எஃகுப் பேழையும் அவர் வீட்டில் இருந்தன. அச்சான்றின்றி அந்நாட்டில் அதனைச் சொந்தமாக வீட்டில் வைத்திருக்க இயலாது.

அவருடைய துப்பாக்கி, புள்ளி இருபத்திரண்டு எனப்படும் சிறுகுழல் துப்பாக்கி. 1887இல் அமெரிக்காவில் தோன்றிய 'லாங் ரைஃபிள்' என்னும் சிறு தோட்டாவே இன்றும் அதற்கு உணவு. ஈயக் குண்டின் எடை இரண்டரை கிராமுக்குச் சற்று மேல். பெரிய தோட்டாக்களில் அடிப்பகுதியின் நடுவில் தனியே ஒரு தீமூட்டி பொருத்தியிருப்பார்கள். இதிலோ பித்தளைக் கூட்டின் விளிம்பு மடிப்புக்குள்ளேயே தீமூட்டும் மருந்து பரவியிருக்கிறது. துப்பாக்கியின் ஊசி அவ்விளிம்பை நசுக்க, தீப்பற்றுகிறது. ஒருமுறை நசுங்கிய கூடு மறுமுறைக்கு உதவாது.

"இதிலேதான் சங்கடம், மாமா. பெரிய துப்பாக்கிக்காரர்கள் கூட்டை மீண்டும் எடுத்து, மருந்தைத் தம் கையாலேயே நிறுத்து நிரப்பிக்கொள்வார்கள். எங்களுக்கு அது கிடையாது. ஆலை தந்ததே தந்தது. நாங்கள் செய்யக்கூடியது தேர்ந்தெடுப்பது ஒன்றுதான்" என்றார் மருமகன்.

அன்று அவர் சுடவிருந்த தூரம் 100 கஜம். ஏறத்தாழ 91 மீட்டர். பெரிய துப்பாக்கிக்கு இது முற்றத்துத் தூரம். இச்சிறு ரவைக்கோ நெடும்பயணம். ஒலிம்பிக் போட்டியில் இதன் தூரம் 50 மீட்டர். அங்கே பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர்தான். ஒரு ரவைக்கும் அடுத்த ரவைக்கும் வேகத்தில் நொடிக்கு 10 மீட்டர் வேறுபாடு இருந்தால், 50 மீட்டரில் அவற்றின் துளைகள் ஏறத்தாழ முக்கால் சென்டிமீட்டர் மேல்கீழாகும். தூரம் இரட்டித்தால் பிழை இரட்டிப்பதில்லை. நான்கு மடங்கை நெருங்கும். 100 கஜத்தில் அவ்வேறுபாடு 2 சென்டிமீட்டருக்கு மேல் வந்துவிடும். கை நடுங்காமல், மூச்சுப் பிசகாமல் சுட்டாலும், விளிம்புக்குள் மருந்து ஏறத்தாழப் பரவியிருந்தால் குறி தவறியது தவறியதே.

"அப்படியாயின் மிகுந்த வேகமுடையதை வாங்கினால் என்ன?" என்று வினவினோம். வேகமே வலிமை என்று எண்ணுவது நம் போன்றோர் இயல்பு. அவர் தலையசைத்தார். ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. அதனினும் விரைவாகப் புறப்படும் ரவை, 100 கஜத்தை எட்டுமுன் ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்கிவிடும். அவ்வெல்லையைக் கடக்கும் இடத்தில் காற்று அதனை அலைக்கழிக்கிறது. பக்கக்காற்றும் விரைந்த ரவையையே மிகுதியாக ஒதுக்கித் தள்ளுகிறது. விரைவாகப் புறப்பட்டு விரைவாகத் தளர்வதே அதற்குக் காரணம். ஆகவே நொடிக்கு 320 முதல் 330 மீட்டர் வேகத்தில், தொடக்கம் முதலே ஒலிக்குக் கீழே நின்று செல்லும் ரவையையே நெடுந்தூரத்துக்குக் கொள்கிறார்கள். அடக்கமாகப் புறப்படுவதே ஒழுங்காகச் சென்று சேர்கிறது.

மணல்பைகளின்மேல் துப்பாக்கியைக் கிடத்தி வேலையைத் தொடங்கினார். ஐந்து பெட்டிகள், பெட்டிக்கு ஐம்பது ரவைகள். மூன்று பெட்டிகளின்மேல் ஒரே பெயர், ஒரே விலை. "ஒன்றைச் சோதித்தால் போதாதா?" என்றோம். பெட்டியின் ஓரத்தில் அச்சிட்டிருந்த எண்ணைக் காட்டினார். அது லாட்டு எண். ஒரே ஆலை, ஒரே பெயராயினும், ஒவ்வொரு முறை வார்த்தெடுத்த லாட்டும் தனித்தனி இயல்புடையது. பெயரைப் பார்த்து வாங்குபவன் ஏமாறுவான். எண்ணைப் பார்த்துச் சோதித்து, இசைந்தது கிடைத்தால் அவ்வெண்ணிலேயே ஆண்டுக்கு வேண்டியதை வாங்கி வைப்பவனே தேர்ந்தவன்.

ஒரு வகையிலிருந்து மறுவகைக்கு மாறும்போது முதற்சில ரவைகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. முந்தியதன் மெழுகு குழலில் படிந்திருக்குமாம். அது மாறிப் புதியது படியும்வரை தீர்ப்புச் சொல்லலாகாதாம். பின்னர்ப் பத்துப் பத்தாக நான்கு முறை சுட்டார். ஒரு பத்து மிக நெருங்கி விழுந்தபோது நாம் மகிழ்ந்து, "இதுவே!" என்றோம். "நல்ல கூட்டத்தை நம்பாதீர்கள், மாமா. ஒரு கூட்டம் பொய் சொல்லும். நான்கையும் பார்த்து, அவற்றுள் மோசமானதைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும்" என்றார். ஒவ்வொன்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதினார். எழுத்து முத்துப்போல் இருந்தது. அதனைக் கண்டபோது நம் நெஞ்சில் ஏதோ உறுத்தியது.

ஐந்தனுள் விலை மிகுந்த பெட்டி ஒன்றின் துளைகள் அங்குமிங்குமாகச் சிதறின. "பழுதான சரக்கு" என்றோம். "இல்லை மாமா. ரவை கெட்டதன்று, என் குழலுக்கு ஆகவில்லை" என்றார். பக்கத்து மேடையில் இருந்த முதிய ஆங்கிலேயர் அதே லாட்டைத் தம் துப்பாக்கியில் சுட்டிருந்தார். அவருடைய காகிதத்தில் பத்துத் துளைகளும் ஒன்றாக நெருங்கிக் கிடந்தன. மிஞ்சிய ரவைகளை முறைப்படி சான்றில் பதிந்து அவருக்கே கொடுத்துவிட்டார் மருமகன்.

வாசகர்களே, இங்கேதான் நாம் தலைகுனிந்தோம். 1995இல் இதே மருமகனைப் பத்து வயதுப் பிள்ளையாகத் தமக்கையார் நம்மிடம் ஓத அனுப்பினார்கள். மனனம் அவருக்கு விரைவில் வரவில்லை. ஒவ்வொரு வரியிலும் "ஏன்?" என்று கேட்டு நிற்பார். மூன்று மாதம் பொறுத்தோம், பின் தமக்கையாரிடம், "இவன் தலையில் எழுத்து ஏறாது, ஏதேனும் பட்டறையில் விடுங்கள்" என்று சொல்லிவிட்டோம். ஓதும் பாக்கியம் என் பிள்ளைக்கு இல்லையே என்று அந்த உம்மா நெடுநாள் அழுததாகப் பின்னர்க் கேள்விப்பட்டோம். நாம் அதனைப் பெரிதாகக் கொள்ளவில்லை.

வீடு திரும்பும் வழியில் காரில் அதனை எடுத்துச் சொல்லிப் பொறுத்துக்கொள்ளுமாறு கேட்டோம். அவர் சாலையைவிட்டுக் கண் எடுக்காமல் சிறிது நேரம் பேசாதிருந்தார்.

"உம்மா என்னிடம் சொல்லவேயில்லை, மாமா. நான் கதவோரம் நின்று நானே கேட்டேன்."

இருபத்து நான்கு ஆண்டுகள் அச்சொல்லைச் சுமந்துகொண்டே நமக்குப் பெருநாள் வாழ்த்தும், மருந்துச் செலவுக்குப் பணமும் அனுப்பியிருக்கிறார். நமக்கு நா எழவில்லை. பிறகு அவரே மெல்லச் சிரித்து, "நீங்கள் ஒரு கூட்டத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டீர்கள். அவ்வளவுதான்" என்றார். அந்த மன்னிப்பு தண்டனையினும் கனமாக இருந்தது.

மனிதப் பிள்ளை ரவையன்று என்பதை அறிவோம். ஆகாத ரவையை வேறொருவர் குழலுக்குக் கொடுத்துவிடலாம். பிள்ளையை அப்படிக் கைமாற்றிவிட இயலாது. பிள்ளைக்கேற்பக் குழலே மாற வேண்டும். ஊர் திரும்பியபின் ஒரு வழக்கத்தை மேற்கொண்டோம். ஓராண்டு முடியுமுன் எந்தப் பிள்ளையைப் பற்றியும் பெற்றோரிடம் முடிவு சொல்வதில்லை. மனனம் வராத பிள்ளைக்குப் பொருளை முதலில் சொல்லி, வரியைப் பின்னர்க் கொடுத்துப் பார்க்கிறோம். சிலருக்கு அது திறக்கிறது. சிலருக்கு இன்னும் திறக்கவில்லை.

இப்பொழுது நம் வகுப்பில் "ஏன்?" என்று கேட்டு நிற்கும் சிறுவன் ஒருவன் இருக்கிறான். அவனுடைய தந்தை வாரந்தோறும் வந்து, "தேறுவானா, உஸ்தாது?" என்று கேட்கிறார். "இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்றே மறுமொழி சொல்கிறோம். அவ்வாறு சொல்லும்போது, கதவோரத்தில் எவரேனும் நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்க்கவும் பழகிக்கொண்டோம்.