துரு நீங்கிய குரல்

2014 வரை உருவான அம்பாசடர் கார், நம் ஊர்ப்புறங்களில் குடும்பத்தில் ஒருவராகவே மதிக்கப்பெற்றது. பட்டாசு ஆலைகள் சூழ்ந்த வெம்பக்கோட்டையில், அத்தா விட்டுச்சென்ற அத்தகைய கார் ஒன்று எம்மிடம் உண்டு. இலங்கை வானொலியை அதில்தான் அவர்கள் விரும்பிக் கேட்பார்கள். அவர்கள் மறைந்தபின் வெறும் கரகரப்பே மிஞ்சியது. புதிய வானொலி பொருத்த அம்மா இசையவில்லை.

பழுதுபார்க்க வந்த பெரியவர் ஏரியல் கேபிளின் முனையை உரித்துக் காட்டினார். நடுவே மெல்லிய கம்பி. சுற்றிலும் உலோக வலை. வானலையை ஏந்தி வருவது கம்பி. எஞ்சினின் தீப்பொறி எழுப்பும் இரைச்சலைத் தடுப்பது வலை. அவ்வலை காரின் இரும்புடலோடு இணைந்திருந்தால்தான் தன் கடமையைச் செய்யும். ஏரியலின் அடியில் படர்ந்த துரு அவ்விணைப்பைக் கெடுத்திருந்தது. பெரியவர் அதனைச் சுரண்டி, திருகாணியை இறுக்கினார். பின்னர் மெலிந்து ஒலித்த ஒரு நிலையத்தை வைத்து, அது உரக்கக் கேட்கும்வரை வானொலியின் சிறு திருகை மெல்லத் திருப்பினார். தமிழ்க்குரல் தெளிந்தது. அம்மா நெடுநேரம் காரைவிட்டு இறங்கவேயில்லை.

மாணவச் செல்வங்களே! நல்லோர் குரல் நம்மை நோக்கி வந்தவண்ணமே உள்ளது. அதை ஏற்கும் அறிவும் நம்மிடம் உண்டு. பிறந்த மண்ணோடும் மூத்தோரோடும் நமக்குள்ள பிணைப்பில் துரு ஏறாது காப்போமாக!