மூன்றாம் வகுப்பு எங்கே போயிற்று?

அடிக்கடி பிரயாணம் செய்கிறவர்களிடம் "பிரயாணம் எப்படி இருந்தது?" என்று மட்டும் கேட்கக் கூடாது. "சௌகரியமாக இருந்தது" என்று சொல்லி அவர்கள் நிறுத்திக்கொள்வதில்லை. சௌகரியமான பிரயாணத்தைப் பற்றிச் சொல்வதற்கு என்ன இருக்கிறது? கஷ்டப்பட்ட பிரயாணந்தான் கதையாகிறது. நம்மிடம் அத்தகைய கதைகளுக்குக் குறைவில்லை.

அயல்நாடுகளில் நமக்கு நேரும் கஷ்டங்களில் பாதி நம் பெயரினாலேயே வருகின்றன. தமிழனுக்குப் பெரும்பாலும் பெயர் ஒன்றுதான். அதற்கு முன்னால் தகப்பனார் பெயரின் முதலெழுத்து காவல்காரனைப்போல் நிற்கும். இந்த எளிய ஏற்பாடு கடல் கடந்தவுடன் யாருக்கும் விளங்குவதில்லை. குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் எதையாவது எழுதியாக வேண்டுமே என்று தகப்பனார் பெயரை எழுதிவிடுகிறோம். அதன் பலன், விமான நிலையத்து ஒலிபெருக்கியில் நம்மைக் கூப்பிடாமல் தகப்பனாரைக் கூப்பிடுகிறார்கள். ஜீவிய காலத்தில் திருச்சிராப்பள்ளிக்கு அப்பால் காலடி வைத்தறியாத அந்த மனிதர், காலமாகிப் பல வருஷங்களுக்குப் பிறகு, உடனே விமானத்தில் ஏறும்படி மூன்று பாஷைகளில் கெஞ்சப்படுகிறார்! கட்டத்தைக் காலியாக விட்டவர்கள் பாடு இன்னும் வேடிக்கை. ஒற்றைப் பெயர்க்காரர்களின் அமெரிக்க விஸாவில் 'எப்.என்.யு.' என்று மூன்று எழுத்துக்களைப் போட்டுவிடுகிறார்கள். முதற்பெயர் தெரியவில்லை என்று அதற்கு அர்த்தமாம். அங்கே குடியேறிய நம்மவர் சிலரை அந்த மூன்றெழுத்தையே பெயராக்கி அழைக்கிறார்கள்.

இவை சிரித்துவிட்டுப் போகக்கூடிய சங்கடங்கள். சிரிக்க முடியாதவையும் உண்டு. அவற்றைச் சொல்வதற்குமுன் இலங்கைக்குப் போய் வருவோம்.

இலங்கையை அயல்நாடு என்று சொல்லவே நா கூசுகிறது. 1914-ஆம் வருஷத்தில் பாம்பன் பாலம் திறந்த பிறகு, சென்னை எழும்பூரில் கொழும்புக்கு டிக்கட் வாங்கலாம். தனுஷ்கோடி வரையில் ரயில்; அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல்; மறுபடியும் ரயில். 'போட் மெயில்' என்று அதற்குப் பெயர். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியையே விழுங்கிவிட்டது. இப்பொழுது விமானத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குள் கொழும்பில் இறங்கிவிடுகிறோம்.

கொழும்பிலிருந்து பதுளைக்குப் போகும் மலை ரயிலில் மூன்றாம் வகுப்பு இன்னும் அந்தப் பெயரோடேயே இருக்கிறது. நாம் அதில்தான் ஏறினோம். சிறிது நேரத்துக்கெல்லாம் "வடே, வடே" என்று ஒரு குரல் கேட்டது. அந்நிய தேசத்தில் வடை என்ற சொல்லைக் கேட்டால் தமிழ் நெஞ்சம் என்ன பாடுபடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கூடை அருகில் வந்தது. ஒவ்வொரு வடையின்மேலும் ஒரு இறால், வாலும் மீசையுமாக, சயனித்திருந்தது! சைவர்களாகிய நாம் அவித்த கடலையோடு திருப்தியடைந்தோம். அதைச் சுற்றித் தந்த காகிதம் ஏதோ ஒரு பிள்ளையின் கணக்கு நோட்டிலிருந்து கிழித்தது. உபாத்தியாயர் தொழிலின் தோஷம், கடலையை மறந்து கணக்கைப் பார்த்தோம். வகுத்தல் ஒன்று பிசகு. அதற்குச் சரி என்று குறி போட்டிருந்த இலங்கைச் சகோதரரை நாம் மன்னித்துவிட்டோம்.

வண்டி தேயிலைத் தோட்டங்களுக்குள் புகுந்ததும் ஐரோப்பிய வாலிபர்களும் யுவதிகளும் வாசற்படிக்கு ஓடினார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே சாய்ந்து, ஒருவரையொருவர் புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். உள்ளே உட்கார இடம் இருந்தது. ஆசைக்காகத் தொங்கினார்கள். நம் தேசத்தில் ரயில் வாசற்படியில் தொங்குகிற மனிதனை யாராவது புகைப்படம் எடுத்து மாட்டி வைக்கிறார்களா?

காந்தியடிகள் 1915-இல் தாய்நாடு திரும்பியது முதல் மூன்றாம் வகுப்பிலேயே யாத்திரை செய்தார். 1917-இல் ராஞ்சியில் இருந்தபோது அந்த அனுபவங்களைப் பிரசுரமாக எழுதினார். பம்பாயிலிருந்து சென்னைக்கு அவர் வந்த பெட்டியில் 22 பேருக்குத்தான் இடம் என்று எழுதியிருந்தது. வழியில் பெரும்பாலும் 35 பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். முதல் வகுப்புக்காரர் ஐந்து பங்குக்கு மேல் கட்டணம் கொடுக்கிறார், சரி. அவருடைய சுகத்தில் ஐந்தில் ஒரு பங்காவது, பத்தில் ஒரு பங்காவது ஏழைக்குக் கிடைக்கிறதா என்று கணக்குக் கேட்டார். அன்று சர்க்கார் அந்நிய சர்க்கார்; பழி போட ஆள் இருந்தது. இன்று ரயிலும் நம்முடையது, சர்க்காரும் நம்முடையது.

1974-இல் மூன்றாம் வகுப்பை ஒழித்தார்கள். ஆனால் ஒழிந்தது பெயர்தான். பழைய நீல வண்டிகளின் முன்பதிவில்லாத பெட்டியில் 90 பேர் உட்காரலாம். பண்டிகைக் காலத்தில் அதற்குள் எத்தனை பேர் என்று எண்ண முயன்றவர்களுக்குத் தெரியும், அது எண்ணி முடிகிற காரியமல்ல. 2019 முதல் ஓடுகிற 'வந்தே பாரத்' வண்டிகள் பார்க்க அழகானவை, வேகமானவை, நமக்கும் பெருமைதான். அவற்றில் முன்பதிவில்லாத பெட்டி என்பதே கிடையாது.

அஸ்ஸாமின் திப்ருகரிலிருந்து கன்னியாகுமரிக்கு வரும் விவேக் எக்ஸ்பிரஸ் 4,100 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. வந்து சேர மூன்று நாளைக்கு மேலாகும். நம் ஊர் நூல் ஆலைகளிலும் கட்டட வேலைகளிலும் பாடுபடுகிறவர்கள் இத்தகைய வண்டிகளில்தான் வருகிறார்கள். ஒரு காலத்தில் நம்மவர்கள் இதேபோல் மூட்டை முடிச்சுகளுடன் மண்டபம் முகாமில் அடைக்கப்பட்டு, வைத்தியப் பரிசோதனைக்கு நின்று, இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பல் ஏறினார்கள். பதுளை ரயிலின் ஜன்னலில் பச்சைப் பசேலென்று தெரிகிறதே, அது அவர்கள் உழைப்பு.

சென்ற வருஷம் குடும்பத்துடன் முன்பதிவுப் பெட்டியில் வந்துகொண்டிருந்தோம். ஒரு ஜங்ஷனில் ஐந்து வாலிபர்கள், பொதுப் பெட்டியில் கால் வைக்க முடியாமல், நம் பெட்டிக்குள் ஓடிவந்து ஏறினார்கள். எதிர் ஆசனத்துக் கனவான் பொங்கி எழுந்தார். "வடக்கேயிருந்து இப்படிக் கூட்டம் கூட்டமாக வந்தால் நாம் எங்கே போவது?" என்றார். பணம் கொடுத்து இடம் வாங்கியவருக்குக் கோபம் வருவதில் நியாயம் இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் அவருடைய மகன் துபாயில் இருப்பதாகச் சற்று முன்புதான் பெருமையுடன் சொல்லியிருந்தார். அதை மெதுவாக ஞாபகப்படுத்தினோம். "அது வேறே, ஸார்" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பரிசோதகர் வந்து அபராதம் விதித்தார். வாலிபர்கள் மறுபேச்சின்றிக் கொடுத்துவிட்டுக் கதவருகே தரையில் அமர்ந்தார்கள். ஒரு துணிமூட்டையை அவிழ்த்தார்கள். உள்ளே இருந்தது நம் ஊர்ப் பொரி! அதில் வெங்காயம் நறுக்கிப் போட்டு, கடுகெண்ணெய் விட்டுப் பிசைந்து, பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டார்கள். வேடிக்கை பார்த்து நின்ற நம் வீட்டுச் சிறுவனுக்கும் ஒரு கை அள்ளிக் கொடுத்தார்கள். வீட்டிலிருந்து கொண்டுவந்த புளியோதரைப் பொட்டலத்தை நம் இல்லாள் எடுத்துக் கொடுத்தாள். அவர்கள் அதை ஐந்தாகப் பங்கிட்டுச் சாப்பிட்டு, இன்னும் இருக்கிறதா என்பதுபோல் பார்த்தார்கள். நம் பையனோ பச்சை மிளகாயை ஒரு கடி கடித்துவிட்டுக் கண்ணில் நீர் வழியத் தண்ணீர் தேடி ஓடினான். எதிர் ஆசனத்துக் கனவான்தான் தம்முடைய பாட்டிலைத் திறந்து கொடுத்தார்.