உச்சிக்கு எந்தப் பக்கம்?

ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கிறேன். இன்ஜினுக்குப் போற பெட்ரோலைக் குறைச்சா இன்ஜின் சூடாகுமா, ஆறுமா?

ஐ.சி. இன்ஜின் லேப் வைவாவில் எக்ஸ்டர்னல் சார் என்னிடம் கேட்ட கேள்வி இது. யோசிக்கவே இல்லை, "சூடாகும் சார்"னு சொன்னேன். அவர் சிரிச்சுக்கிட்டே, "எவ்வளவு குறைச்சா?"ன்னு கேட்டார். அவ்வளவுதான், நான் அவுட்.

ஏன் அவ்வளவு வேகமா பதில் சொன்னேன்னா, அது புத்தகத்தில் படிச்சது இல்லை. வீட்டுக் காசு செலவழிச்சுக் கத்துக்கிட்டது.

நான் முதல் வருஷம் படிக்கும்போது பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டியிருந்தது. அப்பா தினமும் வேலைக்குப் போறது ஒரு பழைய பைக்கில். "கலவையை லீனா வெச்சா மைலேஜ் கூடும்ப்பா"ன்னு நான்தான் ஆரம்பிச்சேன். லீன்னா வேற ஒண்ணும் இல்லை, காற்று அதிகம், பெட்ரோல் கம்மி. மெக்கானிக் அண்ணன் தயங்கினார். அப்பா விடலை. "பையன் இன்ஜினியரிங் படிக்கான், அவன் சொல்றபடி வைங்க" என்றார். கார்புரேட்டரில் ஊசியை இறக்கி வெச்சாங்க. மைலேஜ் நிஜமாவே கூடிச்சு. நான் வீட்டில் ஹீரோ.

மூணே வாரம். ஒரு மத்தியானம் பைபாஸில் இன்ஜின் சீஸ் ஆகி நின்னுடுச்சு. அப்பா சித்திரை வெயிலில் வண்டியைத் தள்ளிக்கிட்டே வந்தார். பிளக்கைக் கழட்டிப் பார்த்தா சுண்ணாம்பு மாதிரி வெள்ளையா இருந்தது. போரிங், புது பிஸ்டன்னு நாங்க மிச்சம் பிடிச்சதைப் போல பல மடங்கு செலவு. அப்பா என்னை ஒரு வார்த்தை சொல்லலை. அதுதான் இன்னும் உறுத்துது.

அதனால் என் மண்டையில் "லீன்னா சூடு"ன்னு பதிஞ்சுபோச்சு. வைவா முடிஞ்சு அந்த "எவ்வளவு?"வைத் தேடிப் போனப்போ, பதில் கிடைச்ச இடம் குட்டி விமானங்களோட காக்பிட். நான் அப்படி ஒண்ணில் ஏறினதுகூட இல்லை. ஆனா அந்த இன்ஜினும் நம்ம பைக் மாதிரிதான்: பிஸ்டன், பெட்ரோல், காற்றுபட்டு ஆறுறதுக்கு சிலிண்டரைச் சுற்றித் தகடு தகடா ஃபின்கள்.

பல செஸ்னா விமானங்களில் திராட்டில் பக்கத்திலேயே ஒரு சிவப்புக் குமிழ் இருக்கும். அதுதான் மிக்ஸ்சர். மேலே போகப் போகக் காற்று மெலிசாகும். பெட்ரோலைக் குறைக்கலைன்னா கலவை ரிச் ஆகிடும், அதாவது பெட்ரோல் மிஞ்சிடும். அதனால் பைலட்டே கையால் குறைக்கணும். எவ்வளவு குறைச்சோம்னு தெரிய ரெண்டு மீட்டர் உண்டு. ஒண்ணு, வெளியேறும் புகையோட வெப்பம். இதை இ.ஜி.டி. என்பாங்க. இன்னொண்ணு, சிலிண்டர் தலையோட வெப்பம், சி.ஹெச்.டி.

இப்போ குமிழை மெதுவா இழுங்க. இ.ஜி.டி. ஏறும், ஏறும், ஒரு உச்சியைத் தொடும். 1 கிலோ பெட்ரோலுக்குக் கிட்டத்தட்ட 14.7 கிலோ காற்று இருக்கும் இடத்தை ஒட்டி அந்த உச்சி வரும். அதுக்கு மேலயும் இழுத்தா? இறங்க ஆரம்பிக்கும்! இது ஏறுமுகம் மட்டும் உள்ள கோடு இல்லை மக்களே, ஒரு மலை. நான் மூணு வருஷமா ஒரு பக்கத்தை மட்டும்தான் பார்த்திருக்கேன்.

சிலிண்டர் தலைக்கும் இதே மாதிரி ஒரு மலை உண்டு. ஆனா அதோட உச்சி கொஞ்சம் தள்ளி, இ.ஜி.டி. உச்சிக்கு 25 முதல் 50 டிகிரி பாரன்ஹீட் முன்னாடியே, ரிச் பக்கத்தில் வந்துடும். அங்கே தீ வேகமாப் பரவுது. பிஸ்டன் மேலே இருக்கும்போதே அழுத்தம் உச்சத்துக்குப் போய், சூடெல்லாம் தலையில் இறங்குது. உச்சியைத் தாண்டி லீன் பக்கம் போயிட்டா தீ மெதுவா எரியும். பிஸ்டன் கீழே இறங்கின பிறகுதான் அழுத்தம் உச்சத்துக்கு வரும், அதுவும் கம்மியா. மிஞ்சின காற்றும் கொஞ்சம் சூட்டை வாங்கிக்கும். அதனால் சிலிண்டர் ஆறும், பெட்ரோலும் மிச்சமாகும். கொஞ்சம் வேகம் குறையும், அதுதான் விலை.

சி.ஹெச்.டி. ஏன் முக்கியம்னா, சிலிண்டர் தலை அலுமினியம். சூடு ஏற ஏற அதோட பலம் குறையும். பல லைகாமிங் இன்ஜின்களுக்கு எல்லைக்கோடு 500 டிகிரி பாரன்ஹீட், பல கான்டினென்டல் இன்ஜின்களுக்கு 460. ஆனா அனுபவசாலிகள் 400-ஐத் தாண்ட விடுறதில்லை. தாண்டினா மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தி வேகம் பிடிச்சு அதிகக் காற்று வாங்குவாங்க, இல்லைன்னா பவரைக் குறைப்பாங்க.

டேக்-ஆஃப்ல முழு பவர் போகும்போது இந்த லீன் விளையாட்டே கிடையாது. அங்கே கூடுதல் பெட்ரோல் இன்ஜினைக் காப்பாத்துறதுக்கும்தான். மேலே போய் சமமாப் பறக்க ஆரம்பிச்ச பிறகுதான் குமிழில் கை வைப்பாங்க. லீன் பக்கம் போறவங்க அதை அங்குலம் அங்குலமா இழுக்கிறதில்லை. ரெண்டு மூணு செகண்டில் உச்சியைக் கடந்து அந்தப் பக்கம் போயிடுவாங்க. மலை உச்சியில் நின்னு வேடிக்கை பார்த்தா வறுபட்டுடுவோம்ல!

அப்போ ஏன் எல்லாரும் இதைச் செய்யலை? இன்ஜினில் நாலு சிலிண்டரோ ஆறு சிலிண்டரோ இருக்கு, எல்லாத்துக்கும் ஒரே கலவை போறதில்லை. ஒண்ணு உச்சியைத் தாண்டி ஆறும்போது பக்கத்து சிலிண்டர் உச்சியிலேயே நிக்கும், இன்ஜின் உதறும். 1990-களில் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் GAMI என்ற நிறுவனம், ஒவ்வொரு சிலிண்டருக்கும் அளவு பார்த்துப் பொருத்துற இன்ஜெக்டர் நாசில்களைக் கொண்டு வந்தது. கூடவே ஒவ்வொரு சிலிண்டரையும் தனித்தனியாக் காட்டுற டிஜிட்டல் மானிட்டர்களும் பரவின. அதுக்கப்புறம்தான் சாதாரண பைலட்டுகளுக்கு இது கைக்கு வந்தது.

லீன் மேல பயம் எனக்கு மட்டும் இல்லை. 1944-ல் பசிபிக் போர்முனையில் பி-38 பைலட்டுகளுக்கும் இருந்தது. 1927-ல் தனியா அட்லாண்டிக்கைத் தாண்டின சார்லஸ் லிண்ட்பெர்க், 42 வயசில் ஒரு சிவிலியனா அங்கே போனார். இன்ஜின் சுற்றைக் குறைங்க, மேனிஃபோல்ட் அழுத்தத்தைக் கூட்டுங்க, கலவையை லீனா வைங்கன்னு சொன்னார். இன்ஜின் கெட்டுடும்னு பயந்தாங்க. ஆனா ஒண்ணாப் போயிட்டு வந்தா அவர் விமானத்து டேங்கில் மட்டும் நிறைய பெட்ரோல் மிச்சம் இருந்தது. அப்புறம் அவங்களும் அப்படியே ஓட்டி, பல நூறு மைல் கூடுதலாப் பறந்தாங்க.

போன லீவில் இதையெல்லாம் அப்பாவுக்குச் சொல்லலாம்னு உட்கார்ந்தேன். பிரச்சினை என்னன்னா, கிராஃப் போடத் தெரியுது, தமிழில் சொல்ல வரலை. நான் திணறுறதைப் பார்த்துட்டு அவரே சொன்னார்: "ஆச்சி ஊதுகுழல் வெச்சு அடுப்பு ஊதுவாள்ல, அது மாதிரியா? ஊதலைன்னா புகையும். சரியா ஊதினா திகுதிகுன்னு எரியும். இன்னும் ஊதினா அடங்கிரும்."

அஞ்சு பக்க நோட்ஸை மூணு வரியில் முடிச்சுட்டார்.

"அப்போ அன்னைக்கு நாம திகுதிகுன்னு எரியுற இடத்துல நிறுத்திட்டோம், அப்படித்தானே?"

"ஆமாப்பா. எங்க நிறுத்தினோம்னு காட்ட வண்டியில மீட்டரும் இல்லை, ஓட்டும்போது திருக ஒரு குமிழும் இல்லை. அதெல்லாம் தெரியாமலே நான் சொல்லிட்டேன். தப்பு என்னோடதுதான்."

அப்பா கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லலை. அப்புறம், "மெக்கானிக்கைத்தான் நான் திட்டிட்டேன்"னு சொல்லி எழுந்து சட்டையை மாட்டினார். நானும் கூடவே போனேன். மன்னிப்பு கேட்க வேண்டியது நான்தானே.