வான் கதவோடு முடிந்த உறவு

அலுவிகாரையில் சின்னதாக ஒரு ஸ்பைஸ் கார்டன் நடத்துகிறேன். அப்பா தொடங்கியது. கறுவா, ஏலம், சாதிக்காய், கராம்பு, மிளகு, வனிலா என்று எல்லாம் ஒன்றுக்குள் ஒன்றாக வளர்ந்து நிற்கும் ஒரு துண்டுக் காணி, ஓலைக் கொட்டில், வெளியே போகும் வழியில் கடை. இந்தக் கடைக்கு வந்தவர்களை நான் நடத்திய விதத்தை மறைக்காமல் எழுதிவிட வேண்டும். தொழில் என்றால் அப்படித்தான் என்று வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தேன். இனி அப்படிச் சொல்ல முடியவில்லை.

கண்டியிலிருந்து தம்புள்ளைக்கும் சீகிரியாவுக்கும் போகிற வான்கள் எல்லாம் ஏ-9 வீதியில் எங்களைக் கடந்துதான் போக வேண்டும். பௌத்தத் திரிபிடகத்தை முதன்முதலாக ஏட்டில் எழுதிய இடம் என்பதால் அலுவிகாரைக் குகைக் கோயிலில் சிலர் இறங்குவார்கள். ஆனால் ஸ்பைஸ் கார்டனுக்குத் தானாக வருகிறவர் குறைவு. எந்தத் தோட்டத்தில் நிறுத்துவது என்பதைச் சாரதிதான் முடிவு செய்வார். விற்ற பில்லில் ஒரு பங்கு அவருக்குப் போகும். நான் பக்கத்துத் தோட்டங்களை முந்துவதற்காகப் பங்கைக் கூட்டிக் கூட்டி, கடைசியில் அது பாதியைத் தொட்டது. அதைக் கொடுத்த பிறகும் எனக்கு மிஞ்ச வேண்டுமே, விலையை ஏற்றினேன். போத்தல்களில் விலை ஒட்டவில்லை, இலக்கம் மட்டும் ஒட்டினேன். அந்த இலக்கத்துக்குரிய விலைத்தாளை, தேநீர் கொடுத்து, தோளுக்கு எண்ணெய் தடவி, ஆளைக் கடைக்குள் கொண்டுவந்த பிறகுதான் கையில் கொடுப்பேன்.

மாத்தளை டவுனில் அதே கறுவா என்ன விலைக்குப் போகிறது என்பது எனக்குத் தெரியும். இந்த மனிதர் இன்னும் சில நாளில் கட்டுநாயக்காவில் விமானம் ஏறிவிடுவார், இனி இந்தப் பக்கம் வரப்போவதில்லை என்பதும் தெரியும். விலை சொல்லும்போது நான் நினைத்தது இதை மட்டும்தான். திரும்பி வரமாட்டார் என்ற நம்பிக்கையில் விலை சொன்னால், அவர் திரும்பி வராமல் இருப்பதற்கு நானே வழி செய்கிறேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

வந்தவர்கள் எழுதிவிட்டுப் போக ஒரு பெரிய கொப்பி வைத்திருந்தோம். பெயர், நாடு, ஈமெயில், சிலர் ஃபோன் நம்பர், சிலர் வீட்டு விலாசம்கூட. அடுத்த வானில் ஜெர்மன்காரர் வந்தால் ஜெர்மன்காரர் எழுதிய பக்கத்தைப் புரட்டிக் காட்டுவேன், பிரெஞ்சுக்காரர் வந்தால் பிரெஞ்சுப் பக்கம். அதற்கு மட்டும்தான் அது உதவியது. மிளகு காய்ந்துவிட்டது, புதுக் கறுவா உரித்திருக்கிறோம், வேண்டுமா என்று ஒருவருக்குக்கூட ஒரு வரி எழுதியதில்லை. நம்பி விலாசம் கொடுத்தவர்களை விளம்பரப் பலகையாக்கினேன்.

அதில் ஒரு பக்கம் என்னை விடுவதாக இல்லை. கனடாவிலிருந்து வந்த ஓர் அக்கா. யாழ்ப்பாணம் போகும் வழியில் உறவுக்காரரின் வாகனத்தில் வந்து இறங்கினார். அந்த விற்பனைக்குக் கொமிஷன் கொடுக்க வேண்டியதே இல்லை. கறுவாக் குச்சியை ஒடித்து மணந்து பார்த்தார்.

"தம்பி, அங்க கறுவா எண்டு விக்கிறது தடிச்ச பட்டை. இது மாதிரி இல்லை. மாசம் மாசம் அனுப்புவீங்களே? எங்கட ஆக்கள் கனபேர் வாங்குவினம்."

"அனுப்புறேங்க அக்கா. நம்பரை எழுதி வச்சிட்டுப் போங்க."

அவர் குனிந்து எழுதிக்கொண்டிருக்கும்போது ஒரு பெரிய வான் உள்ளே திரும்பியது. நான் அவரை அப்படியே விட்டுவிட்டு வானை நோக்கி நடந்தேன். அவருக்கு பில் போட்டவர் கடைப்பிள்ளை. அதே ஏற்றிய விலை.

அவர் சொன்னதில் பெரிய வியாபாரம் இருந்தது. எங்கள் கறுவா மெல்லிய பட்டை, சுருட்டினால் அடுக்கடுக்காக நிற்கும், விரலால் நொறுங்கும். வெளிநாட்டுக் கடைகளில் அதிகம் கிடைப்பது கசியா, ஒற்றைத் தடிப்புப் பட்டை. ஈரலுக்கு ஆகாத கூமரின் அதில் அதிகம், எங்களுடையதில் மிகக் குறைவு. 2022 பெப்ரவரியில் சிலோன் கறுவாவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் குறியீடு கொடுத்தது, இலங்கைப் பொருளொன்றுக்கு அங்கே கிடைத்த முதல் குறியீடு. ஒருவரைப் பல வருடம் பிடித்துவைக்கக்கூடிய பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, நான் தலைமுடி எண்ணெயை விற்பதில் மூச்சைச் செலவழித்தேன்.

அப்பா வனிலாவோடு மெனக்கெட்ட விதம் வேறு. பூ ஒரு காலையில் விரியும், மதியத்துக்குள் வாடிவிடும். அதற்குள் ஈர்க்குத் துண்டால் உள்ளே இருக்கும் மடலைத் தூக்கி மகரந்தத்தை அழுத்திவிட வேண்டும். பிறகு காய் முற்ற எட்டு ஒன்பது மாதம், பதப்படுத்த இன்னும் சில மாதம். வந்த ஒவ்வொரு கூட்டத்துக்கும் இதை நான் விளக்கினேன். வாடிக்கையாளரைச் சேர்ப்பதும் இதே போன்ற பொறுமையான வேலைதான் என்று ஒருநாளும் என் புத்தியில் ஏறவில்லை.

2018இல் நாட்டுக்கு 23 லட்சத்துக்கு மேல் பயணிகள் வந்தார்கள். 2019 ஈஸ்டர் ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு வான்கள் நின்றன. பிறகு கொரோனா. 2021இல் வந்தவர்கள் இரண்டு லட்சம்கூட இல்லை. சாரதிகள் இல்லையென்றால் எனக்கு ஒரு வாடிக்கையாளரும் இல்லை என்பது அப்போதுதான் வெளிச்சமானது. கடைப்பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினேன். அவர்களில் ஒருத்தி வீட்டில் அவள் சம்பளம்தான் அடுப்பெரித்தது. என் சோம்பேறித்தனத்துக்கு அவள் பட்டினி கிடந்தாள் என்றே எழுதுகிறேன், குறைத்து எழுத எனக்கு உரிமை இல்லை.

வேறு விதமாகத் தொழில் செய்வதற்கு முன்மாதிரி தேடி நான் தூரம் போகத் தேவையிருக்கவில்லை. 2015இல் காலமான ஏனா த சில்வா இதே ஊரில் ஊர்ப் பெண்களை வைத்து பத்திக் துணி வேலையும் தையலும் செய்வித்தார். வேலையின் தரம் பேசியது, பெயரைத் தேடி ஆட்கள் வந்தார்கள். அந்தக் கதையை வானில் வந்தவர்களுக்கு ஊர்ப் பெருமையாகச் சொன்னவனே நான்தான்.

ஊரடங்கு நாளில் அந்தக் கொப்பியை எடுத்தேன். ஈரம் பிடித்துப் பல பக்கம் ஒட்டிப்போயிருந்தது. படிக்க முடிந்த நம்பர்களுக்கு வட்ஸ்அப்பில் எழுதினேன். கனடா அக்காவின் நம்பர் வேலை செய்தது. வேறோர் ஆளிடம் கறுவா எடுப்பதாகச் சொன்னார். பிறகு கேட்டார்: "அண்டைக்கு என்னட்ட எவ்வளவு எடுத்தனீங்கள் எண்டு ஞாபகம் இருக்கே தம்பி?"

"இருக்குங்க அக்கா. கூடத்தான் எடுத்தேன்."

பார்த்ததற்கான நீலக் குறி விழுந்தது, பதில் வரவில்லை. அவர் இன்றுவரை ஓர்டர் தரவில்லை, தர வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை. இப்போது போத்தல்களில் விலை ஒட்டியிருக்கிறேன். வாங்குகிறவரிடம் என்ன சமைப்பீர்கள் என்று கேட்டு எழுதி வைக்கிறேன். அறுவடை முடிந்ததும் செய்தி அனுப்புகிறேன். சிலர் தபாலில் எடுக்கிறார்கள். விலை இறங்கியதால் சில சாரதிகள் வானை நிறுத்துவதை விட்டுவிட்டார்கள். கொமிஷனை முழுதாக நிறுத்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். ஆனால் இன்னும் கொடுக்கிறேன், முன்பைவிடக் குறைவாக. அப்படிப் போகிற பணமும் வாங்குகிறவரின் பையிலிருந்துதான் போகிறது.