ஹந்தானையில் ஒரு இந்தியக் கிராமம்

ரொபர்ட் நொக்ஸின் பெயரைக் கேட்காமல் கண்டியில் யாரும் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்திருக்க முடியாது. 1660-ல் கொட்டியாரக் குடாவில் பிடிபட்டு, இரண்டாம் இராஜசிங்கனின் நாட்டுக்குள் கிட்டத்தட்ட 19 வருடம் அடைபட்டுக் கிடந்த ஆங்கிலேயன். 1679-ல் தப்பி ஓடி அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையைச் சேர்ந்தான். 1681-ல் இலண்டனில் புத்தகம் போட்டான். பரீட்சைக்கு அவ்வளவு போதும்.

அந்தப் புத்தகம் முழுதும் குட்டன்பேர்க் தளத்தில் இலவசமாகக் கிடக்கிறது. வேறு எதையோ தேடிப் போன ஒரு இரவில் அது கண்ணில் பட்டது. அதைப் படித்த பிறகுதான் அந்த மனிதன் இங்கே எப்படிப் பிழைத்தான் என்று தெரிந்தது. தொப்பி பின்னி விற்றிருக்கிறான். நெல்லை வட்டிக்குக் கொடுத்திருக்கிறான். ஏலதெத்தையில் காணி வாங்கி வீடு கட்டியிருக்கிறான். பேராதனையைத் தாண்டி நான் பஸ்ஸில் போய்வரும் பக்கம் அது! இன்னொன்றும் எழுதுகிறான்: காட்டு வழியில் கலங்கல் தண்ணீரைக் குடித்தும் நோயில் விழாமல் இருக்க, காய்ந்த கஞ்சா இலையைக் கருப்பட்டியோடு காலையும் மாலையும் தின்றானாம். இந்தச் சங்கதி இலண்டன் வரை போயிருக்கிறது. நொக்ஸின் புத்தகத்துக்கு முன்னுரை எழுதிய ரொபர்ட் ஹூக், 1689-ல் றோயல் சங்கத்தில் அந்த இலையைப் பற்றியே ஓர் உரை ஆற்றினார். விஞ்ஞான பாடத்தில் ‘கலம்’ என்றதும் வருகிற அதே ஹூக்தான். நான் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன்.

இப்படிக் கிடைப்பவற்றை எழுதி வைக்க ஒரு சி.ஆர். கொப்பி வைத்திருக்கிறேன். இடது ஓரத்தில் வருடம், பக்கத்தில் விஷயம். ஒருவர் சொன்னதை இன்னொருவர் அப்படியே எடுத்துப் போட்டிருந்தால் அது இரண்டு சாட்சி ஆகாது. தனித்தனியாக இரண்டு இடத்தில் உறுதியானால்தான் மையால் எழுதுவேன், அதுவரை பென்சில். வருடத்தை ஓரத்தில் எழுதும் பழக்கம் சும்மா ஒழுங்குக்காகத் தொடங்கியது. போகப் போக அந்த ஓரம்தான் எனக்குப் பாடம் நடத்தியது. இணையத்தில் வேடிக்கையான செய்திகள் தனித்தனியாகத்தான் வந்து விழுகின்றன. வருட வரிசையில் வைக்கும்போதுதான் ஒன்றுக்கொன்று உறவுமுறை தெரிகிறது.

1944-க்கு எதிரே ஜூலியா சைல்ட் இருக்கிறார். பிரெஞ்சுச் சமையலை அமெரிக்க வீடுகளுக்குள் கொண்டுபோன அந்த அம்மா, உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க உளவுத்துறையின் பதிவேட்டுப் பிரிவைக் கண்டியில் இருந்து நடத்தியவர். மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியத் தலைமையகம் அந்த வருடம் பேராதனைப் பூங்காவுக்கு வந்திருந்தது. பின்னாளில் தன்னை மணந்த போல் சைல்டோடு அவர் பழகியதும் இந்த ஊரில்தான்.

1885-க்கு எதிரே இருப்பவர் எனக்கு இன்னும் நெருக்கமானவர். ஈழத்து நூல்களை எண்ணிமப்படுத்தி வைத்திருக்கும் ‘நூலகம்’ தளத்தில் துழாவிக்கொண்டிருந்தபோது எம்.சி. சித்திலெப்பையிடம் போய்ச் சேர்ந்தேன். 1838-ல் கண்டியில் பிறந்த வழக்கறிஞர். 1882-ல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கியவர். 1885-ல் அவர் வெளியிட்ட ‘அசன்பே சரித்திரம்’ இலங்கையின் முதல் தமிழ் நாவல் என்று சொல்லப்படுவது; தமிழிலேயே மிக ஆரம்ப நாவல்களில் ஒன்று. கண்டிக்காரர் எழுதிய கதையில் தலதா மாளிகையையும் வாவியையும் தேடினால் ஏமாற்றம்தான். கதாநாயகன் எகிப்தியன், கதை எகிப்திலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் நடக்கிறது.

ஏன் எகிப்து? அந்தக் கேள்விக்குக் கொப்பியின் ஓரம் ஒரு வழி காட்டியது. 1882-ல் ஆங்கிலேயரிடம் தோற்ற எகிப்தியத் தளபதி ஒராபி பாஷா 1883 ஜனவரியில் நாடுகடத்தப்பட்டு கொழும்பில் வந்து இறங்கினார். சித்திலெப்பை அவரோடு பழகியவர். இதுதான் நாவலுக்குக் காரணம் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் வருடங்கள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. ஒராபி 1892-ல் கண்டிக்கு வந்து, 1901 வரை இங்கேயே வாழ்ந்தார். ஹல்லொலுவ வீதியில் அவர் இருந்த வீடு இன்று நினைவு மண்டபம். எத்தனையோ தடவை கடந்துபோன வாசலுக்குள் அதன் பிறகுதான் நுழைந்தேன்.

கொப்பியில் அதற்குச் சில பக்கம் முன்னால் 1816 இருக்கிறது. மதுரை நாயக்கர் வழி வந்த நம் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் வேலூருக்கு அனுப்பப்பட்ட வருடம். 1832-ல் அங்கேயே இறந்தான். பாலாற்றங்கரையில் அவன் கல்லறை இருக்கும் முத்து மண்டபத்தின் படத்தைத் திரையில் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்டியின் அரசனைத் தமிழ்நாட்டில் வைத்தார்கள், எகிப்தின் தளபதியைக் கண்டியில் வைத்தார்கள். வைத்தவர்கள் ஒரே ஆட்கள். எந்தப் பாடப்புத்தகமும் இந்த இரண்டையும் எனக்கு ஒரே பக்கத்தில் காட்டியதில்லை.

இனி ஹந்தானைக்கு வருகிறேன். ஸ்பீல்பேர்க்கின் ‘இந்தியானா ஜோன்ஸ்’ படங்களில் இரண்டாவது, 1984-ல் வந்தது, இந்தியாவில் நடப்பதாகக் கதை. ஒரு துண்டுக் காணொளியில் அதன் ஏழை இந்தியக் கிராமத்தைப் பார்த்தேன். கிராமத்தார் பேசுவது இந்தியும் இல்லை, வேறெந்த இந்திய மொழியும் இல்லை. சுத்தச் சிங்களம்! தேடிப் போனால் எல்லாம் வெளிவருகிறது. கதையில் மாற்றம் கேட்டது இந்திய அரசு. படக்குழு கண்டிக்கு வந்துவிட்டது. கிராமத்தை ஹந்தானைத் தேயிலை மலையில் அமைத்தார்கள். பூசாரியாக நடித்தவர் சிங்கள நடிகர் டி.ஆர். நாணயக்கார, அவருக்கு ஆங்கிலம் வராது, இயக்குநர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னாராம். தொங்குபாலத்துக்குக் கம்பி கட்டிக் கொடுத்தவர்கள் பக்கத்தில் விக்டோரியா அணையைக் கட்டிக்கொண்டிருந்த பொறியியலாளர்கள். குரங்கு மூளையை விருந்தாகப் பரிமாறும் காட்சி இன்றைக்கும் எனக்குக் கோபமூட்டுகிறது. அந்த விஷயத்தில் இந்திய அரசு கேள்வி கேட்டது சரிதான் என்பேன். மற்றபடி இதைவிடச் சுவையான கண்டுபிடிப்பு எனக்கு அமைந்ததில்லை.

வழக்கப்படி வருடம் வேண்டும். படப்பிடிப்பு தொடங்கிய நாள் கிடைத்தது: 1983 ஏப்ரல் 18. ஓரத்தில் 1983 என்று எழுத முயன்றேன். அங்கே ஏற்கனவே 1983 இருந்தது. யூலைக் கடைசி வாரம். கண்டி நகரிலும் தமிழர் கடைகள் எரிந்த வாரம்.

ஹந்தானையில் பிறந்து, அங்கேயே வேலை செய்து ஓய்வுபெற்ற என் தாய்மாமா இப்போது கட்டுகஸ்தோட்டையில் மகளோடு இருக்கிறார். போனில் அந்தக் காட்சியைக் காட்டினேன். மலைச்சரிவை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

“வெள்ளைக்காரன் படம் புடிக்கிறான்னு சொன்னாங்க தம்பி. நாங்க மலைக்குப் போயிட்டோம், பேரு போடணும்ல? நான் பாக்கல.”

“மாமா, அது ஏப்ரல் மாசம்.”

“ஆமா. அப்புறம் மூணே மாசம்.” போனை என்னிடம் நீட்டினார். “அதையும் எவனாவது இதுல போட்டிருக்கானா?”

தேடினேன். கொழும்பைப் பற்றி நிறையக் கிடைக்கிறது, கண்டி நகரைப் பற்றியும் ஓரளவு. ஹந்தானை லயத்துக் குடும்பங்கள் அந்த இரவுகளில் எங்கே படுத்தன, யார் சோறு கொடுத்தது, யார் கதவைச் சாத்தியது என்று தேடியதில் என் கைக்கு எதுவும் அகப்படவில்லை. தொங்குபாலத்தின் கம்பியைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கிறது. இது எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது, இப்போதும் இருக்கிறது. நான் கண்டு சிரித்த ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் மெனக்கெட்டு எழுதி, வருடம் போட்டு, ஏற்றி வைத்ததுதான். நொக்ஸ் எழுதினான். சித்திலெப்பை அச்சிட்டார். மாமா போன்றவர்களைக் கேட்டு எழுத ஆள் வரவில்லை.

ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா பேசுகிறார், நான் போனில் பதிவு செய்கிறேன். நூலக நிறுவனத்தின் ‘ஆவணகம்’ தளத்தில் வாய்மொழி வரலாறுகளைச் சேர்க்கிறார்கள். அங்கே கொடுப்பதாக எண்ணம். மாமா பிறந்த லயத்தில் ஆரம்பித்தோம். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு சொந்தக்காரர்கள் கோச்சியேறித் தலைமன்னார் போய்க் கப்பல் பிடித்ததைச் சொன்னார். அதற்கு ஒரு ஞாயிறு போதவில்லை. போன வாரம் 1974 பஞ்சம் வரை வந்தோம். மரவள்ளிக் கிழங்குக்கு மைல் கணக்கில் நடந்த கதை. 1983-ஐப் பற்றி நான் கேட்கவில்லை. வரிசையில் வரும்போது தானே சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.