நெடுஞ்செலவும் செலவழுங்கலும்

விழா மலருக்கு ஒரு கட்டுரை வரைந்து தருக என மலர்க் குழுவினர் எம்மைப் பணித்தபோது, தமிழாசிரியரிடமிருந்து அவர்கள் எதனை எதிர்பார்த்திருப்பர் என்பதை யாம் அறியாமலில்லை. குறளிலே ஓர் அதிகாரமோ சிலம்பிலே ஒரு காதையோ அவர்தம் மனத்தில் இருந்திருக்கும். எம் மனமோ அவ்வேளை, பரந்தனுக்குக் கிழக்கே ஒரு கராச்சில், எம் பழைய பிக்கப் வண்டியின் அடியிலே மல்லாந்து கிடந்தது. கிடந்த இடத்திலிருந்தே எழுதுகின்றோம், மலராசிரியர் பொறுத்தருள்வாராக.

வண்டி 1996 ஆம் ஆண்டில் செய்யப்பட்ட ரொயோட்டா ஹைலக்ஸ். எம் மைத்துனர் வெளிநாடு சென்றபோது எம்மிடம் விட்டுச் சென்றது. கிழமை நாள்களில் அது கல்லூரி வேம்பின் நிழலில் நிற்கும். சனி, ஞாயிறுகளில் வன்னி வயலுக்குப் பசளையும் விதைநெல்லும் கொண்டு செல்லும். அறுவடைக் காலத்தில் நெல் மூட்டை சுமக்கும். இதனை விற்று வேறொன்று வாங்கலாகாதோ என்று வினவுவோர் உளர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 இலேதான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வண்டிகளின் விலை ஏறிய ஏற்றத்தைக் கண்டோர் ஆசிரியர் ஒருவரிடம் இவ்வினாவை எழுப்பார்.

எம் மனைவியின் தந்தையார் வயலருகிலேயே வாழ்கின்றார். 2009 ஆம் ஆண்டில் அவர் முதுகிலே பட்ட காயம் ஆறிவிட்டது, நோவு ஆறவில்லை. மாதம் ஒருமுறை அவரைக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு எம்முடையது. வீட்டிலிருந்து பெருந்தெருவுக்கு வாய்க்காலோரமாக இரண்டு மைல் கிறவல் பாதை. அதிலே மூன்று மதகுகள். மாரி கழிந்தபின் ஒவ்வொரு மதகின் இரு புறமும் நீர் அரித்த பள்ளம் கிடக்கும். மாமா வாய் திறந்து ஒன்றும் சொல்லார். மதகு வருமுன்னரே இடக் கையால் கதவின் மேலுள்ள பிடியைப் பற்றி, வலக் கையை இருக்கையில் ஊன்றி, உடலைச் சற்றே மேலெழுப்பிக் கொள்வார். வண்டி கடந்தபின் மெல்ல இறங்கி அமர்வார். அந்தக் கையைப் பாராமல் வண்டி செலுத்த எம்மால் இயன்றதில்லை.

இச்செய்தியை ஒருநாள் கைப்பேசியில் பேச்சுவாக்கிலே எம் பழைய மாணவர் ஒருவரிடம் கூறினோம். நம் கல்லூரியின் பிள்ளை. இப்போது கலிபோர்னியாவில் பொறியியலாளர். (வேற்றுமை உருபுகளை இறுதிவரை பிழையாகவே எழுதியவர், அதனால் அவர் வாழ்வில் யாதொரு குறையும் நேர்ந்ததாகத் தெரியவில்லை.) விடுமுறைகளில் தம் பிக்கப்பிலே பாலை நிலம் சுற்றுவது அவர் பொழுதுபோக்கு. அவர் சொன்னார்: “சேர், உங்கட வண்டிக்கு லோங் ட்ராவல் போட வேணும். சாமான் எல்லாம் நான் அனுப்பிறன். நீங்கள் ஒண்டும் யோசிக்காதேயுங்கோ.”

லோங் ட்ராவல் என்பதன் பொருளை அன்றிரவே தேடி அறிந்தோம். சில்லு ஒன்று தன் நிலையிலிருந்து மேலெழவும் கீழிறங்கவும் கூடிய மொத்தத் தூரமே ‘ட்ராவல்’. எம்முடையது போன்ற வண்டியின் முன்சில்லுக்கு அது ஏறக்குறைய எட்டு அங்குலம். நீண்ட கைகளும் நீண்ட அதிர்ச்சி தாங்கிகளும் பூட்டினால் பன்னிரண்டு அங்குலத்துக்கு மேலும் செல்லும். சில்லு குழியின் அடிவரை இறங்கி ஏற, மேலேயுள்ள வண்டி அசையாது மிதக்கும். இதனைத் தமிழில் எவ்வாறு சொல்வது என்று எண்ணியபோது ‘நெடுஞ்செலவு’ என்ற சொல் தானே வந்து நின்றது. செலவு என்பது நம் முன்னோர்க்குப் பயணம், நமக்கோ பணம். இரு பொருளும் ஒருங்கே பொருந்திய மொழிபெயர்ப்பு எமக்கு வாய்த்தது இதுவொன்றே.

இக்கலை வளர்ந்த இடங்களுள் மெக்சிக்கோவின் பாகா கலிபோர்னியாத் தீபகற்பம் தலையாயது. 1967 இல் அங்கே தீயுவானாவிலிருந்து லா பாஸ் நகர்வரை நடந்த முதலாவது பெரும் ஓட்டப் போட்டியில் வென்ற சிறு வண்டி, 27 மணி 38 நிமிடத்தில் இலக்கை அடைந்தது. கல்லும் மணலும் அலையலையாய்க் கிடக்கும் அந்நிலத்தில் விரைந்து செல்வோர்க்குச் சில்லின் செலவு நீள நீள வெற்றி அணித்தாகும். இன்று முதல் வரிசையில் ஓடும் வண்டிகளின் சில்லுகள் இரண்டடி அளவும் ஏறி இறங்குகின்றன. விடைத்தாள் கட்டுகள் மேசையில் காத்திருக்க, இக்காட்சிகளைக் கைப்பேசியில் பல இரவுகள் பார்த்தோம் என்பதை மறைப்பதிற் பயனில்லை. மாமாவின் முதுகுக்காகவே பார்க்கின்றோம் என்று எமக்கு நாமே கூறிக்கொண்டோம். அது முழு உண்மையன்று.

மாணவருக்கு மறுமொழி சொல்ல மூன்று கிழமை தாழ்த்தோம். பொருளின் விலை எம் ஓராண்டு வேதனத்தையும் விஞ்சும். கொடுப்பவர் மனமுவந்து கொடுக்கின்றார். மறுத்தால் அவர் மனம் நோகும். ஏற்றால் எம் மனம் நோகும். பாலைத் திணையிலே தலைவன் புறப்படத் துணிந்தபின்னும் தயங்கி நிற்பதைச் செலவழுங்கல் என்பர். அது போகாமைக்கன்று, தலைவியைத் தேற்றுதற்கே என்று தொல்காப்பியர் கற்பியலிலே விளக்கம் தருவார். வகுப்பிலே இருபது ஆண்டுகளாக இதனை நடத்தி வருகின்றோம். யாம் அழுங்கியது யாரைத் தேற்றுதற்கு என்பதுதான் விளங்கவில்லை.

ஈற்றில் பரந்தன் பக்கத்துக் கராச்சுக்குச் சென்றோம். அதனை நடத்துபவர் எம்மினும் மூத்தவர். யாம் அவரை அண்ணை என்போம், அவர் எம்மை மாஸ்ரர் என்பார். படங்களையெல்லாம் பொறுமையாகப் பார்த்தபின் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “மாஸ்ரர், இது பாயிற வண்டியோ, சுமக்கிற வண்டியோ? அதை முதல் சொல்லுங்கோ.”

பிறகு விளக்கினார். குழியிலே மிதக்க வேண்டுமானால் பின்வில் இளகியிருத்தல் வேண்டும். இளகிய வில்லின்மேல் பன்னிரண்டு மூட்டை நெல்லை ஏற்றினால் வண்டி பின்புறம் அமர்ந்துவிடும். சில்லு மேலெழ இடமிராது. நெடுஞ்செலவு அங்கேயே முடிந்துவிடும். முன்புறம் கைகள் நீண்டால் சில்லுகள் இருபுறமும் சில அங்குலம் வெளியே தள்ளும். வாய்க்கால் பாதையில் எதிரே உழவு இயந்திரம் வந்தால் யார் ஒதுங்குவது? இவ்வளவும் சொல்லிவிட்டு, முன்சில்லின் பக்கம் குனிந்து, “இதைப் பார்த்தனீங்களோ?” என்றார்.

மைத்துனர் வாங்குமுன்பே யாரோ ஒருவர், வண்டி மிடுக்காக நிற்க வேண்டுமென்று, முன்புற முறுக்குக் கம்பிகளைத் தாங்கும் ஆணிகளை இறுக்கி வண்டியை உயர்த்தியிருக்கின்றார். கம்பியை முறுக்கினால் வண்டி உயரும். சில்லு கீழிறங்கும் தூரமோ அந்த அளவுக்குக் குறையும். சில்லின் மேற்கைக்கும் அதனைத் தடுத்து நிறுத்தும் இறப்பர்க் கட்டைக்கும் இடையே ஒரு விரலும் நுழையவில்லை. பள்ளம் வரும்போது சில்லு இறங்க வழியின்றி வண்டியே விழுந்திருக்கின்றது. எட்டு அங்குலச் செலவிலே ஏறக்குறைய பாதியை யாம் இத்தனை ஆண்டும் பயன்படுத்தவே இல்லை! பின்வில்லிலும் ஒரு தகடு மிகையாகச் செருகப்பட்டு, தகடுகள் துருப்பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. நம் ஊரில் வில் வண்டியை மாட்டிலே பூட்டி ஓட்டிய கிழவரெல்லாம் வில்லுக்கு எண்ணெய் இட அறிந்திருந்தனர். யாம் மோட்டர் வண்டிக்கு அதனை மறந்தோம்.

அண்ணை இரண்டு நாள் வேலை செய்தார். முறுக்குக் கம்பிகள் தளர்த்தப்பட்டு முன்புறம் ஒன்றரை அங்குலம் தாழ்ந்தது. மிகைத் தகடு கழன்றது. ஏனையவை துரு நீக்கிக் கிறீஸ் பூசப்பெற்றன. தேய்ந்த இறப்பர்ப் புஷ்கள் மாற்றப்பட்டன. வெறும் வண்டியாக ஓடும்போது ரயரின் காற்றை 40 இறாத்தலிலிருந்து 28 இறாத்தலுக்குக் குறைக்கவும், மாமாவை ஏற்றும் நாளில் பின்தட்டில் நான்கு மூட்டை நெல் வைக்கவும் சொன்னார். சுமைக்கென அமைந்த வில் சுமையிருந்தால்தான் இளகுமாம். கூலியும் சாமானும் எம் ஒரு மாத வேதனத்தின் பாதிக்குள் அடங்கின.

மாணவரிடம் இவையனைத்தையும் ஒளியாது கூறினோம். சற்று நேரம் பேசாதிருந்து, பின் சிரித்தார். “முறுக்குக் கம்பியை நான் முதலே கேட்டிருக்க வேணும், சேர்,” என்றார். “எண்டாலும் நான் ஏதாவது அனுப்பத்தான் வேணும்.” முன்புறத்து அதிர்ச்சி தாங்கிகள் இரண்டும் எண்ணெய் கசிந்து வலுவிழந்திருந்தன, அவ்விரண்டை மட்டும் ஏற்பதாக ஒப்புக்கொண்டோம். அவருக்கு அது போதவில்லை; எமக்கு அது போதும்.

அடுத்த கிளினிக் நாளில் நான்கு மூட்டையோடு புறப்பட்டோம். முதல் மதகிலே மாமாவின் கை வழக்கம்போல் மேலே சென்றது, உடல் எழுந்தது. இரண்டாம் மதகிலே கை மட்டும் சென்றது. மூன்றாவது மதகின் பள்ளம் பெரிது. அங்கே வண்டி தூக்கிப் போட்டது, அவர் முகமும் சுருங்கியது. பெருந்தெரு ஏறியபின், “பின்னுக்கு ஏன் நெல்லு, தம்பி? ஆசுபத்திரியிலே விக்கப் போறீரோ?” என்று கேட்டார்.

பொதி கொழும்புக்கு வந்துவிட்டதாக அறிவித்தல் கிடைத்துள்ளது. மாரிக்கு முன் அதனைப் பூட்டிவிட எண்ணியிருக்கின்றோம்.