பாலாற்றங்கரையில் மூச்சுத் திணறும் பாக்டீரியாக்கள்!

ரயில் ஆம்பூரை நெருங்கும்போது பிரியாணியைத் தேடும் கண்கள்தான் அதிகம். ஜன்னலோரம் இருப்பவர்களுக்கு இன்னொரு வாடையும் வரும். பச்சைத் தோலின் வாடை. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி எனப் பாலாற்றை ஒட்டியே தோல் பதனிடும் ஆலைகள். ஊர்க்காரர்களிடம் 'டேனரி' என்றால்தான் சட்டென்று புரியும்.

பாலாறு பெரும்பாலான நாள்கள் வெறும் மணல். ஆனால், அந்த மணலுக்கு அடியில் ஊறும் நீரை நம்பித்தான் கரையோர ஊர்களின் கிணறுகள் இருக்கின்றன.

தோல் கெடாமலிருக்க உப்பு, முடி நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும், பதனிட குரோமியம் சல்பேட். பழைய முறையில் குரோமியத்தில் மூன்றில் ஒரு பங்குவரை தோலில் ஏறாமல் கழிவுநீரோடு போய்விடும். ஆற்றையும் கிணறுகளையும் கெடுத்த இந்த நீருக்காகத்தான் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம், டேனரிகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்து, சுத்திகரிப்பு வசதியைக் கட்டாயமாக்கியது.

பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் உண்மையான வேலைக்காரர்கள் பாக்டீரியாக்கள்தான். காற்று குமிழியிடும் பழுப்புநிறத் தொட்டியில் கழிவைத் தின்று, திட்டுத் திட்டாகச் சேர்ந்து அடியில் படியும். உப்பு மெதுவாகக் கூடினால் ஓரளவு பழகிக்கொள்ளும். திடீரென்று குரோமியமோ சல்பைடோ மிகுந்து வந்தால் தாங்காது. அப்போது தொட்டி நீரில் ஆக்சிஜன் அளவு ஏறும். நல்ல செய்தி மாதிரி தெரியும். மூச்சு விட ஆளில்லை என்பதுதான் அதன் அர்த்தம்! திட்டுகள் உடைந்து நீர் கலங்கும். அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் வகை பாக்டீரியா மெதுவாக வளர்வது என்பதால், மீண்டு வர வாரக்கணக்கில் ஆகும்.

குரோமிய நீரைத் தனியே பிடித்து, காரம் சேர்த்துப் படியவைத்து, அமிலத்தில் கரைத்துத் திரும்பப் பயன்படுத்தலாம். செலவும் மிச்சம். ஆனாலும், தொட்டி பொதுவானது. ஒரே ஒரு டேனரியில் அந்த நீர் தவறான வாய்க்காலில் திறந்துவிடப்பட்டால், ஒழுங்காக நடப்பவர்களின் கழிவும் சேர்ந்தே சுத்தமாகாமல் நிற்கும். இயந்திரங்களைவிட, வால்வைத் திருப்பும் கையைக் கண்காணிப்பதுதான் இங்கே முக்கியம்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். தொட்டி நீரை ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடியில் பிடித்து, அரை மணி நேரம் அசையாமல் வைப்பார்கள். கீழே பழுப்பு வண்டல், மேலே தெளிந்த நீர் என்று பிரிந்தால், அன்றைக்கு பாக்டீரியாக்கள் நலம்.